சுண்ணாம்பு மட்டை, பெயிண்டர் அண்ணாச்சி, அப்புறம் ஒரு தீவு

போன மாசம் நியூஜெர்சியில இருக்கிற அத்தான்கிட்டேர்ந்து ஒரு போட்டோ வந்தது. உள்ளங்கை மட்டும்தான் இருக்கு, அதுல திருநீறு அப்பின மாதிரி வெள்ளை. "மாப்ளே, வீட்டுச் சுவத்தைத் தொட்டேன், இதான் வருது"ன்னு கீழே ஒரு வரி.

அவங்க ஊர்ப்பக்கம் நிறைய வீடு மரச்சட்டத்துல கட்டினது. மழை, பனி உள்ளே இறங்காம இருக்க வெளிப்பக்கம் அலுமினியத் தகடை வரிசை வரிசையா ஒண்ணுமேல ஒண்ணு ஏறினாப்ல அடிச்சிருப்பாங்க. தகடுக்குப் பெயிண்ட் பேக்டரியிலேயே சூட்டுல வச்சு ஏத்தினது. முப்பது நாப்பது வருசம் வெயில் பட்டதும் அந்தப் பெயிண்ட் மாவாகி உதிர ஆரம்பிச்சிடும். அத்தான் பெயிண்டரைக் கூப்பிட்டு விலை கேட்டிருக்கார், கேட்டதும் தலை சுத்திடுச்சாம். "நானே ஏணி வச்சு அடிச்சிடலாம்னு இருக்கேன், அங்கே எப்படி?"ன்னு கேட்டார்.

அங்கே எப்படியா? அதே வாரம் தூத்துக்குடியில எங்க வீட்டுலயும் இதே பஞ்சாயத்துதான் ஓடிக்கிட்டிருந்தது. 74 வயசு அப்பா, "ஏல, நம்ம வீட்டுக்கு நாமளே வெள்ளையடிக்காம வெளியாளு எதுக்குலே?"ன்னு ஒரே பிடிவாதம். அம்மாவோ, "ஏணியில ஏறுனீங்கன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்"ங்கிறாங்க. நான் நடுவுல.

சண்டையைத் தீர்க்கிற துப்பு எனக்கு இல்லை. ஆனா ஒரு கேள்வி மட்டும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்தது. வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கிறது வீட்டுக்காரன் வேலையா இருந்தது எப்போ பெயிண்டர் வேலை ஆச்சு? அதைத் தேடப்போய் எங்கெங்கேயோ சுத்தி, நடுக்கடல்ல ஒரு தீவுல போய் நின்னேன். அதைத்தான் எழுதுறேன். கொஞ்சம் நீளம், காபியோட உக்காருங்க.

முதல்ல கொசுவத்தி. எங்க தெருவுல பொங்கலுக்குப் பத்து நாள் முன்னாடி ஆரம்பிச்சிடும். கிறிஸ்தவங்க வீடுன்னா கிறிஸ்துமஸுக்கு, இல்லைன்னா ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்கு. கல்லுச் சுண்ணாம்பு வாங்கிட்டு வந்து பழைய தொட்டியில போட்டு ஆச்சி தண்ணி ஊத்துவாங்க. அடுப்பே இல்லாம அது கொதிக்கிறதைப் பார்க்க நாங்க சுத்தி நிப்போம், கிட்டே போனா முதுகுல ஒண்ணு விழும். ரெண்டு நாள் ஊறவிட்டு, பழைய வேட்டியில வடிகட்டி, கொஞ்சம் கஞ்சியோ வஜ்ரப் பசையோ கலந்து, கடைசியா ஒரு சிட்டிகை நீலம். மட்டைன்னு ஒண்ணு இருக்கும், நாரைத் தட்டிக் கட்டின பிரஷ். கையிலயும் காலிலயும் தேங்காயெண்ணெய் தடவிக்கிடணும், இல்லைன்னா சாயங்காலத்துக்குள்ள தோல் வெடிச்சிடும். கண்ணுல தெறிச்சா கதை முடிஞ்சது. சுண்ணாம்பு கண்ணை அவிச்சிடும்னு ஆச்சி சொன்னது மிரட்டல் இல்லை, மருத்துவ உண்மை. தெறிச்ச உடனே நிறையத் தண்ணி விட்டுக் கழுவிக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

அடிக்கும்போது சுவர் சாம்பல் நிறமா அழுக்காத்தான் தெரியும். "என்ன ஆச்சி, வெள்ளையே இல்லை?"ன்னா, "போய்த் தூங்கு"ம்பாங்க. காலையில எந்திரிச்சுப் பார்த்தா கண்ணு கூசும்.

அந்த ஒரு ராத்திரியில என்ன நடக்குதுன்னு எனக்குப் ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி படிச்சப்பதான் புரிஞ்சது. சிப்பியோ பாறையோ, எதைச் சுட்டாலும் மூலம் கால்சியம் கார்பனேட். சுமார் 900 டிகிரியில சுட்டா அதுலேர்ந்து கரியமில வாயு வெளியே போயிடும். 100 கிலோ கல்லைச் சுட்டா 56 கிலோதான் மிஞ்சும், மிச்சம் காத்தோட போச்சு. அந்த மிச்சக் கல்லுல தண்ணி ஊத்தினா கொதிச்சு நீர்த்த சுண்ணாம்பு. அதைச் சுவத்துல பூசினதும் தண்ணி வத்தி, வெள்ளை மேல வரும். அதோட, சூளையில விட்ட அதே வாயுவைக் காத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சி நாள்பட நாள்பட மறுபடியும் கல்லாவே மாறிடும். அதாவது வெள்ளையடிச்ச சுவர்னா அதுமேல மெல்லிசா ஒரு கல்லுப் படலம் வளர்ந்திருக்குன்னு அர்த்தம்.

இது ஏன் முக்கியம்னா, இந்த வேலைக்கு நிபுணன் தேவையே இல்லை. பழைய சுண்ணாம்பு மேலயே புதுச் சுண்ணாம்பு ஒட்டிக்கும். ஒதுங்கினதைத் துடைப்பத்தால தட்டிவிட்டு அடிச்சாப் போதும். கோணலா அடிச்சாலும் காஞ்சதும் தெரியாது. பத்து வயசுப் பையன்கூட அடிக்கலாம், அடிச்சோம். வருசத்துக்கு ஒருக்கா அடிக்கிற அளவுக்கு மலிவு.

ஏன் அவ்வளவு மலிவு?

இங்கேதான் கதை கடலுக்குப் போகுது. நம்ம ஊரைப் பத்தி எந்தப் புஸ்தகத்தை எடுத்தாலும் முத்துதான். போர்ச்சுக்கீசியர் வந்தது, 1658-ல டச்சுக்காரங்க பிடிச்சது, பிறகு வெள்ளைக்காரன் கைக்குப் போனது எல்லாத்துக்கும் பின்னாடி முத்தும் சங்கும் இருக்கு. முத்துக்குளிக்கிறதுன்னா நினைச்ச வருசம் குதிக்க முடியாது. அது சர்க்காரோட சொத்து. கடலுக்கடியில இருக்கிற பாறைத் திட்டை எங்காளுங்க 'பார்'னு சொல்லுவாங்க. அந்தப் பார்ல சிப்பி முத்தியிருக்கான்னு ஆள் விட்டுப் பார்த்து, மாதிரி எடுத்து, எண்ணி, அப்புறம்தான் குளிப்பு அறிவிப்பாங்க. சிப்பி இல்லைன்னா அந்த வருசம் இல்லை, அவ்வளவுதான். பல வருசம் சேர்ந்தாப்ல குளிப்பே நடக்காம இருந்திருக்கு. சென்னை மாகாணத்துல இதுக்குன்னே முத்து, சங்கு மீன்பிடிப்புக்கு ஒரு கண்காணிப்பாளர் இருந்தார். ஜேம்ஸ் ஹார்னெல்னு ஒருத்தர் அந்த வேலையில இருந்து பக்கம் பக்கமா எழுதி வச்சிட்டுப் போயிருக்கார். தூத்துக்குடியில கடைசி முத்துக்குளிப்பு 1961-ல. அதுக்கப்புறம் குளிப்பு நடத்துற அளவுக்குச் சிப்பி சேரவே இல்லை.

முத்து என்ன சரக்கு? அதுவும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். சிப்பி ஓடு, சங்கு, பவளப்பாறை எல்லாமே அதேதான். ஒண்ணுக்கு அவ்வளவு காவல். இன்னொண்ணைக் கடப்பாரையால பேர்த்து எடுத்தாங்க.

முருகைக்கல்னு சொல்லுவாங்க, பவளப்பாறைக் கல். மன்னார் வளைகுடாவுல தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடுவுல வரிசையா 21 தீவு. அதைச் சுத்திப் பவளப்பாறை. வள்ளத்துல போய், தண்ணி வத்தின நேரம் பார்த்துப் பாறையை உடைச்சு, கரைக்குக் கொண்டு வந்து குவிப்பாங்க. கட்டுமானத்துக்குக் கல்லாவும் போகும், சூளைக்குச் சுண்ணாம்பாவும் போகும், தொழிற்சாலைகளுக்கும் போகும். 1960கள், 70கள்ல இது நல்லாவே நடந்த தொழில். செஞ்சது யாரோ வில்லன்கள் இல்லை. மீன் படாத காலத்துல கூலிக்குப் போன கடற்கரை ஜனங்கதான். முத்து எடுத்தவன் பேர் வரலாத்துல வந்துச்சு, கல் எடுத்தவனுக்கு அன்னைக்குக் கூலி மட்டும்தான் மிஞ்சிச்சு.

தூத்துக்குடிக் கரையோரமா நாலு தீவு: வான் தீவு, காசுவாரி, விலாங்குச்சல்லி, கரியாச்சல்லி. இதுல விலாங்குச்சல்லி இப்போ கிடையாது. தண்ணிக்குள்ள போயிடுச்சு. கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் அப்படியே. 21 தீவுல ரெண்டு காலி. கடல்மட்டம், நீரோட்டம், அலைன்னு பல காரணம் உண்டு, எல்லாத்தையும் சூளை தலையிலயே கட்ட முடியாதுதான். ஆனா பவளப்பாறைதான் அந்த மணல் திட்டுகளுக்கு முன்னால நின்னு அலையை உடைக்கிற சுவர். அதைப் பேர்த்து எடுத்தா அலை நேரா மணல்ல வந்து அடிக்கும். ஆராய்ச்சியாளர்கள் இந்தத் தீவுகள் கரைஞ்சதுக்கு முக்கியக் காரணமா பாறை எடுத்ததைத்தான் சொல்றாங்க.

வான் தீவு கணக்கைப் பாருங்க. 1986-ல மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவை அறிவிச்ச காலத்துல சுமார் 16 ஹெக்டேர். 2014 வாக்குல சுமார் 2 ஹெக்டேர். பூங்கா அறிவிச்சதால மட்டும் கல் எடுக்கிறது நிக்கலை. 2001-ல பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில சேர்த்தாங்க, புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம். அதுக்கும் அப்புறம் 2004 சுனாமி வந்து, பாறை இருந்தாத்தான் கரைக்குப் பாதுகாப்புங்கிற பேச்சு ஊருக்குள்ள வந்த பிறகுதான் இது அடங்குச்சு. 2015-லேர்ந்து வான் தீவைச் சுத்திக் கான்கிரீட்ல செஞ்ச செயற்கைப் பாறைகளை இறக்கி மணல் பிடிக்க வச்சிருக்காங்க. சென்னை ஐஐடியும் தூத்துக்குடியில இருக்கிற சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்த வேலை. கான்கிரீட்ல சிமெண்ட், சிமெண்டுல சுண்ணாம்புக்கல். எடுத்த சரக்கையே வேற ரூபத்துல காசு குடுத்துத் திருப்பிப் போடுறோம்.

எனக்கு ரொம்ப உறுத்தினது வேற. கடல்ல கைவைக்கணும்னு அவசியமே இல்லையே! தூத்துக்குடியிலேர்ந்து ஒன்றரை மணி நேரத்துல போயிடலாம் தாழையூத்து. அங்கே இருக்கிற சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் 1949-ல இந்தியா சிமெண்ட்ஸ் ஆலையே ஆரம்பிச்சாங்க. கல் உள்நாட்டுலயும் இருந்தது. கடல் கல் வாசல்லயே கிடந்ததால அதை எடுத்தோம்.

அப்பாகிட்டே இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "சூளையில சிப்பியும் கிடக்கும், கல்லும் கிடக்கும். எது எங்கேர்ந்து வந்துச்சுன்னு யாருலே கேட்டா?"ன்னார். கேட்கலைதான். ஆச்சி தொட்டியில கொதிச்சதுல எத்தனை கைப்பிடி வான் தீவோ.

சரி, சுண்ணாம்பு போய்ப் பெயிண்ட் வந்த கதை. இதை வேகமா ஓட்டிடுறேன். 1902-ல கல்கத்தாவுக்குப் பக்கத்துல ஹவுராவில ஷாலிமார் பெயிண்ட்ஸ். 1942-ல பம்பாய்ல நாலு நண்பர்கள் சேர்ந்து ஏசியன் பெயிண்ட்ஸ். 1954-ல ஆர்.கே. லக்ஷ்மண் வரைஞ்ச கட்டுப் பையன், கையில பிரஷ்ஷோட, நெத்தியில முடி விழுந்து நிப்பானே, அவன். நம்ம பக்கம் நடுவுல சிமெண்ட் பெயிண்ட் ஒரு ராஜாங்கம் நடத்துச்சு. ஸ்னோசெம் டப்பா ஞாபகம் இருக்கா? பனியே பெய்யாத ஊர்ல பனிமய மாதா கோயில் (1713-ல கட்டி முடிச்சது, 1982-லேர்ந்து பசிலிக்கா), அதே ஊர்ல சுவத்துக்கும் பனி பேர்ல பெயிண்ட். எங்க ஊருக்கும் பனிக்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம் :-)

அப்புறம் டிஸ்டெம்பர், அப்புறம் எமல்ஷன். இந்த எமல்ஷனோட வெள்ளைக்குக் காரணம் டைட்டானியம் டை ஆக்ஸைடு. அது எதுலேர்ந்து வருதுன்னு பார்த்தா மறுபடியும் நம்ம கடற்கரை! இல்மனைட்னு கறுப்பு மணல். 1909 வாக்குல ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரர், கயித்துல ஒட்டிக்கிட்டு வந்த மணலைப் பார்த்துத்தான் மணவாளக்குறிச்சியில தாதுமணல் இருக்கிறதையே கண்டுபிடிச்சார். அவர் தேடினது மோனசைட். இல்மனைட் அப்போ வேண்டாத சரக்கு. டைட்டானிய வெள்ளை பிரபலமான பிறகுதான் அதுக்கு மவுசு. இந்த இல்மனைட்டைச் சுத்திகரிச்சு, டைட்டானிய வெள்ளை செய்றவங்களுக்கு அனுப்புற வேலையை எங்க மாவட்டத்துலயே சாகுபுரம் டிசிடபிள்யூ ஆலையில செய்றாங்க. 2013-ல தமிழக அரசு தனியார் தாதுமணல் அள்ளுறதுக்குத் தடை போட்டப்போ முதல்ல போட்டதும் தூத்துக்குடி மாவட்டத்துலதான். வெள்ளைக்காகக் கடற்கரையைச் சுரண்டுற பழக்கம் டப்பாவுக்குள்ள போய் ஒளிஞ்சிக்கிச்சே தவிர, நின்ன பாடில்லை.

இப்போ வேலைக்கு வருவோம். அமெரிக்காவுல நடந்தது நேர் எதிர். அங்கே அதுக்கு முன்னாடி எண்ணெய்ப் பெயிண்ட், ஈயம் கலந்தது, நாத்தம், காய நாளாகும். அதனால பெயிண்டர்தான் அடிப்பார். 1940-ல டொரண்டோவுல நார்மன் பிரேக்கின்னு ஒருத்தர் ரோலரைக் கண்டுபிடிச்சார். 1948-ல தண்ணியில கரையிற எமல்ஷன் கடைக்கு வந்துச்சு. அவ்வளவுதான், ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரனே அடிக்க ஆரம்பிச்சிட்டான். அதே டப்பா நம்ம ஊருக்கு வந்தப்போ, அதுவரை தானே வெள்ளையடிச்ச வீட்டுக்காரன் மட்டையைக் கீழே வச்சிட்டான்!

கூலி வித்தியாசம் ஒரு காரணம்தான். ஆனா பெரிய காரணம் சுவர். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். தூத்துக்குடி காத்துல உப்பு, உப்பளத்துக்குப் பக்கம்னா கேட்கவே வேண்டாம். நிலத்துத் தண்ணியில உப்பு, கலந்த மணல்லயும் உப்பு. சுவருக்குள்ள போன ஈரம் வெளியே வரும்போது உப்பையும் இழுத்துக்கிட்டு வரும். சுண்ணாம்புன்னா அது பாட்டுக்குப் பொரிஞ்சு உதிரும், அடுத்த பொங்கலுக்குத் தட்டிவிட்டு அடிச்சுக்கிடலாம். எமல்ஷன் பிளாஸ்டிக் தோல். ஈரம் உள்ளேயே நின்னு, உப்பு கட்டி, தோலைத் தள்ளும். அதனால பழசைச் சுரண்டணும், பட்டி பாக்கணும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும், பிரைமர் அடிக்கணும், அப்புறம் ரெண்டு கோட். பிரஷ் பிடிக்கிறது கடைசி கால் பங்கு வேலை. மிச்ச முக்கால் பங்குக்குத்தான் பெயிண்டருக்குக் கூலி.

இது எனக்குப் பட்டுத் தெரிஞ்சது. ஆறு வருசம் முன்னாடி ஒரு காண்ட்ராக்டரை விட்டு வெளிச்சுவர் அடிச்சோம். பேர் வேண்டாம். பழைய சுண்ணாம்பைச் சுரண்டாம மேலயே எமல்ஷனை இழுத்துட்டுப் போயிட்டார். தீபாவளிக்கு வீடு தகதகன்னு இருந்துச்சு. ஐப்பசி மழை முடிஞ்சு பார்த்தா சுவர் முழுக்க அப்பளம். காசு குடுத்து நிபுணரை வச்சும் கதை இப்படித்தான். ஆகவே "நாமளா, ஆளா"ங்கிறதைவிட முக்கால் பங்கு வேலையை யார் ஒழுங்கா செய்வாங்கங்கிறதுதான் கேள்வி.

அத்தான் வீட்டுத் தகடும் அப்படி ஒரு ஏமாத்துதான். இரண்டாம் உலகப்போருக்கு அப்புறம் அந்தத் தகடை வீடு வீடா வந்து வித்தாங்க, "இதைப் போட்டா ஜென்மத்துக்கும் பெயிண்ட் வேண்டாம்"னு. அந்த விற்பனையாளர்களோட தில்லாலங்கடியை வச்சு 1987-ல 'டின் மென்'னு ஒரு படமே வந்துச்சு, பாரி லெவின்சன் எடுத்தது. கிடைச்சா பாருங்க. ஜென்மம்ங்கிறது நாப்பது வருசத்துல முடிஞ்சது. அத்தானுக்கு நான் எழுதினது இதுதான்: உதிர்ற மாவை முழுசாக் கழுவி எடுங்க, நல்லாக் காயவிடுங்க, பிரைமர் அடிங்க, அப்புறம் அக்ரிலிக். மாடி உயரத்துக்கு மட்டும் ஆள் வைங்க.

இந்தத் தடவை நாங்க ஒரு பெயிண்டர் அண்ணாச்சியைக் கூட்டிட்டு வந்தோம். சுவத்தைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கிட்டே ஒரு சுத்து வந்தார். ஜன்னல்கிட்டே வந்ததும் நின்னுட்டார். "தம்பி, இது பழைய எனாமல். இதை நீங்க உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிராதீங்க, பிள்ளைங்க இருக்கிற வீடு." அவர் சொன்னது சரி. வீட்டுப் பெயிண்டுல ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல இருக்கக்கூடாதுன்னு இந்தியாவுல சட்டம் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். அதுக்கு முந்தின எனாமல்ல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? காஞ்சபடி தேய்ச்சா அந்தத் தூள் நேரா மூச்சுக்குள்ள. "நீங்க முப்பது வருசமா தேய்ச்சீங்களே அண்ணாச்சி?"ன்னேன். "துண்டைக் கட்டிக்கிட்டுத்தான்"ன்னார். நல வாரிய அட்டை வச்சிருக்கார், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-ல வந்தது, பெயிண்டர்களும் அதுல உண்டு. ஆனா அந்த முப்பது வருசத் தூளுக்கு அட்டையில என்ன கிடைக்கும்?

கடைசியில பாகப்பிரிவினை ஆச்சு. வெளிச்சுவர், ஜன்னல் எல்லாம் அண்ணாச்சி. ஜன்னலை ஈரத்தோட தேய்க்கிறது, எங்க செலவுல நல்ல மாஸ்க்குன்னு பேச்சு. சாரம் கட்டுறதுக்குத் தனிக் காசு. உள்ளே பூஜை ரூமும், எமல்ஷன் படாத பின்பக்க ரூமும் எங்களுக்கு. அதுக்குச் சுண்ணாம்பு வாங்கப் போன இடத்துல, "இது எந்தக் கல்லு?"ன்னு கேட்டேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். "மலைக்கல்லு அண்ணாச்சி, கடல் கல்லெல்லாம் இப்போ தொட்டா உள்ளே தூக்கி வச்சிருவான்."

ஞாயித்துக்கிழமை காலையில அப்பாதான் தொட்டியில தண்ணி ஊத்தினார். என் பையன் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கிட்டு, கையில எண்ணெய் தடவிக்கிட்டு நின்னான். அப்பா தரையில நின்னபடி கை எட்டுற உயரம் வரைக்கும் அடிச்சார், அதுக்கு மேல நான். அம்மா வாசப்படியில உக்காந்து ஏணியையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. சாயங்காலம் பையன் வந்து, "தாத்தா, வெள்ளையே ஆகலை?"ன்னான்.

"போய்த் தூங்குலே"ன்னார் அப்பா.